கழுகின் காலடியில் ஒரு கோடு

2023 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை, லண்டன் லூயிஷாம் ரயில் நிலையத்துக்கு அருகில் சாவி வெட்டிச் சப்பாத்துத் தைக்கும் ஒரு கடையில், டெரிக் பார்லோ என்ற ஓய்வுபெற்ற பஸ் சாரதியிடம் ஒரு பக்கக் கடிதம் கொடுக்கப்பட்டது. அவர் கொண்டுவந்திருந்த ஜேர்மன் பெல்ட் பக்கிள் 1945ஆம் ஆண்டுக்குப் பிறகு செய்யப்பட்ட போலி என்று கடிதம் சொன்னது. கீழே க. யோகராஜா என்று கையெழுத்து இருந்தது.

டெரிக்குக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. நின்றபடியே கடிதத்தை இரண்டு தரம் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேற்சட்டையில் துடைத்தார். பிறகு, “அப்படியென்றால் என் அப்பா சொன்னது?” என்று கேட்டார்.

தகப்பன் பட்டாளத்தில் லொறி ஓட்டியவர். யுத்தம் முடிந்த வருடம் ஹம்பேர்க் நகரத்தில், கூரை போன ஒரு வீட்டின் சமையலறை மேசையின் லாச்சியை இழுத்தபோது அதைக் கண்டெடுத்ததாகச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். டெரிக் பிறந்து வளர்ந்த வீட்டில் அந்தப் பக்கிள் அடுப்புக்கு மேலே ஆணியில் தொங்கியது.

யோகராஜா அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். எனக்கு உலோகம் மட்டும்தான் தெரியும், உங்கள் அப்பாவைத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவர் சொன்னது வேறு. சந்தையில் வாங்கிவிட்டுச் சண்டையில் எடுத்தது என்று பிள்ளைகளுக்குச் சொன்ன தகப்பன்மார் இந்த நாட்டில் கனபேர், உங்கள் அப்பா மட்டும் இல்லை என்றார். ஆறுதலாகச் சொல்வதாகத்தான் நினைத்துக்கொண்டார். சொல்லும்போது உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோசமும் இருந்தது. வாயைத் திறந்தால் ஆட்கள் அடங்கிப்போய் நிற்கிற இடம் யோகராஜாவுக்கு வாழ்க்கையில் அந்த மேசை ஒன்றுதான்.

அந்த மேசை அவருக்குக் கிடைத்தது தற்செயல். கடைக்குச் சாவி வெட்ட வந்த ஏலக் கொம்பனிக்காரர் ஒருவர், கையிலிருந்த ஒரு பக்கிளை மேசையில் வைத்துவிட்டுப் பணப்பையைத் தேடினார். யோகராஜா அதைத் திருப்பிப் பார்த்து, இதன் பின்பக்கக் கொக்கியை மின்சாரத்தால் புள்ளி வைத்து ஒட்டியிருக்கிறார்கள், அந்தக் காலத்தில் ஈயம் உருக்கிப் பற்றாசு வைத்துத்தான் ஒட்டியிருப்பார்கள் என்றார். கொம்பனிக்காரர் பணப்பையை மறந்துவிட்டார். பதினான்கு வருடங்களுக்கு முந்திய கதை. அதற்குப் பிறகு கொம்பனி மாதத்துக்கு இரண்டு மூன்று பெட்டி அனுப்பும். எல்லாம் நாசிகளின் படைகள், துணைப்படைகள் கட்டிய பக்கிள்கள். யோகராஜாவிடம் நகைக் கடைத் தராசு, கண்ணில் இடுக்கும் லென்ஸ், ஊதா வெளிச்சம் அடிக்கும் சின்ன ரோச், இவ்வளவுதான். மிச்சம் விரல் நுனி.

இந்த அறிவு எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்களுக்கு, ஜேர்மனியில் ஒரு உலோகத் தொழிற்சாலையில் வேலை செய்தேன் என்று மட்டும் சொல்வார். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

மனைவி நகுலேஸ்வரிக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. கடைக்கு மேலேதான் வீடு. ஒருநாள் பெட்டி ஒன்றை மேலே கொண்டுபோனபோது வாசலிலேயே மறித்துவிட்டார்.

“சனத்தை வீடு வீடாத் துரத்தினவங்கள் இடுப்பிலை கட்டினது. எங்களையும் ஒருத்தன் துரத்தித்தானே இஞ்சை வந்து கிடக்கிறம்? உதைச் சாமிப்படம் இருக்கிற வீட்டுக்குள்ளை கொண்டு வராதேங்கோ.”

தான் பார்ப்பது பித்தளையைத்தான், அதைக் கட்டியவனை இல்லை என்று யோகராஜா சொல்லிப் பார்த்தார். “அப்ப பித்தளைக் குடத்தைப் பாருங்கோ,” என்றார் நகுலேஸ்வரி. அன்றிலிருந்து பக்கிள்கள் கீழே கடையிலேயே, சப்பாத்து மெழுகு வைக்கும் தட்டில் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் இருந்தன.

டெரிக்கின் பக்கிள் ஒரு அரிய வகை. 1930களின் தொடக்கத்தில் தெருக்களில் ஆட்களை அடித்துத் திரிந்த நாசிகளின் பழுப்புச் சட்டைப் படையில், ஒரு வட்டாரத் தலைவர்களுக்கென்று கொஞ்சமாக அடித்தது. உலகத்தில் முப்பதோ நாற்பதோதான் மிஞ்சியிருக்கும் என்பது சேகரிப்பாளர்களின் கணக்கு. 2000க்குப் பிறகு வெளிவந்து, சேகரிப்பாளர் எல்லாருடைய அலுமாரியிலும் இருக்கிற தடித்த கைநூலின் 212ஆம் பக்கத்தில் அதன் படம் உண்டு. பக்கிளின் முகப்பிலுள்ள கழுகின் இடது காலிலிருந்து இலை வளையத்தின் விளிம்பு வரைக்கும் மயிரிழைத் தடிப்பில் ஒரு கோடு மேலெழும்பி ஓடும். அச்சில் வெடிப்பு இருந்தால் அடிக்கிற ஒவ்வொரு துண்டிலும் அப்படிக் கோடு விழும். அச்சு ஒன்றுதான், அது ஆரம்பத்திலேயே வெடித்தது, ஆகவே கோடு இருந்தால் அசல், இல்லாவிட்டால் யாரோ பிறகு புது அச்சு வெட்டிச் செய்த நகல். கைநூல் அப்படித்தான் எழுதியிருந்தது. யோகராஜாவும் அதையே நம்பினார், அதுவும் கைநூலை எழுதியவரைவிட உறுதியாக. ஏனென்றால் அந்த அச்சை அவர் கையால் தொட்டிருக்கிறார்.

டெரிக் கொண்டுவந்ததில் எல்லாம் சரியாக இருந்தது. நிறை சரி. பற்றாசு பழையது. கொக்கியின் மடிப்புக்குள் துரு பிடித்திருந்த விதம் சரி. கோடு மட்டும் இல்லை. மிகத் திறமான போலி என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதி, நாலு படமும் எடுத்து வைத்துக்கொண்டார்.

2025 நவம்பரில், ஒரு செவ்வாய்க்கிழமை, ஏலக் கொம்பனி ஒரே ஒரு பக்கிளைத் தனிப்பெட்டியில் அனுப்பியது. 212ஆம் பக்கத்துப் படத்தில் இருந்த அதே பக்கிள். சொந்தக்காரர் இறந்துபோக, பிள்ளைகள் விற்கிறார்கள். டிசம்பர் ஏலத்தின் முக்கியப் பொருள் அதுதான். சும்மா ஒரு ஒழுங்குக்குப் பார்த்துக் கையெழுத்து வைத்துவிடுங்கள் என்று கூடவே ஒரு துண்டு.

யோகராஜா ஒழுங்குக்குத்தான் பார்த்தார். நிறை, விளிம்பு, கோடு, பற்றாசு. கடைசியாகக் கடை லைட்டை நிறுத்திவிட்டு ஊதா ரோச்சைப் பிடித்தார். பிற்காலப் பசை, பொலிஷ் ஏதும் இருந்தால் அந்த வெளிச்சத்தில் மினுங்கிக் காட்டிக் கொடுத்துவிடும். பின்பக்கம், கொக்கி மடிகிற மூலையில், வார்னிஷுக்கு அடியில், பெருவிரல் பதித்தது போல ஒரு பொட்டு, பச்சை கலந்த மஞ்சளாக எரிந்தது.

அது பசையின் நிறம் இல்லை. பொலிஷின் நிறமும் இல்லை. ஊசி முனையால் ஒரு கடுகளவு சுரண்டி வெள்ளைத் தாளில் வைத்தார். கை கழுவும் சோப்பை நனைத்து ஒரு சொட்டு விட்டார். மஞ்சள் சிவந்தது. கறிக் கறை பட்ட சேட்டைத் துவைக்கப் போட்ட எவரும் கண்டிருக்கக் கூடிய சிவப்பு.

மஞ்சள்தூள்.

யோகராஜா கடைக் கதவை உள்ளே பூட்டினார். பிற்பகல் மூன்று மணி. கண்ணாடிக்கு வெளியே ஒரு பெண் குதி உடைந்த சப்பாத்தைத் தூக்கிக் காட்டினாள். அவர் நாளைக்கு என்று கையைக் காட்டினார்.

அந்தப் பொட்டை வைத்த விரல் யாருடையது என்று அவருக்குத் தெரியும்.

1990ஆம் ஆண்டு, இரண்டு ஜேர்மனியும் ஒன்றாவதற்கு நாலு நாள் முந்திய சனிக்கிழமை. மேற்கு ஜேர்மனியில், மலைகளுக்கு நடுவே ஒரு சின்னப் பட்டணம். யோகராஜாவும் நண்பன் நவரத்தினமும் அகதி விடுதியில் இருந்தார்கள். வேலை செய்ய அனுமதி இல்லை. பொத்தானும் பக்கிளும் அடிக்கிற பழைய தொழிற்சாலை ஒன்றின் மேற்பார்வையாளர் பிரிங்மன், சனிக்கிழமைகளில் பின்கதவைத் திறந்து அவர்களை உள்ளே எடுப்பார். கிடங்கில் கிடந்த ஒரு பழைய அச்சைப் பிரஸ்ஸில் பூட்டி வைத்திருந்தார். சினிமாக் கொம்பனி ஒன்று உடுப்புக்குக் கேட்டிருக்கிறது, நானூறு அடிக்க வேண்டும் என்றார். படத்தில் நடிக்கிறவனின் இடுப்பில் என்ன இருந்தால் எங்களுக்கு என்ன என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

அன்றைக்கு விஜயதசமி. ஆயுதம் தொடுகிற நாளில் மெசினைச் சும்மா தொடக்கூடாது என்று நின்றது யோகராஜாதான். நவரத்தினம், மெசின் ஜேர்மன்காரன்ரை, பூசையை அவன் செய்யட்டும் என்று பகிடி விட்டான். யோகராஜா கேட்கவில்லை. சந்தனம் கிடையாது. கறிக்கு வைத்திருந்த மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்துப் பிரஸ்ஸின் நெற்றியில் மூன்று பொட்டு வைத்தார். புது வாகனத்தின் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசிக்கிற மாதிரி, துருக்கிக் கடையில் வாங்கிய பெரிய தேசிக்காய் ஒன்றை அச்சின் நடுவில் வைத்தார். நவரத்தினம் பிடியை இழுத்தான். பிரஸ் இறங்கியது. சாறு போக வழியில்லாமல் அச்சுக்குள்ளேயே அமுங்கி ஒரு கெட்ட சத்தம் கேட்டது. சத்தத்துக்கு இருவரும் சிரித்தார்கள். துடைத்துவிட்டு முதல் தகட்டை வைத்து அடித்து, அதன் பின்பக்கத்திலும் ஒரு பொட்டு வைத்தார் யோகராஜா. அதைச் சாமிப் படத்தின் முன்னால் வைக்க நினைத்திருந்தார். பிரிங்மனின் கார்ச் சத்தம் கேட்க, பக்கத்தில் இருந்த வெறும் பெட்டிக்குள் எறிந்தார்.

முதல் துண்டிலேயே கோடு இருந்தது. பழைய அச்சு, பழைய வெடிப்பு என்றுதான் நினைத்தார். அன்று மத்தியானம் வரைக்கும் யோகராஜா கண்டதற்கெல்லாம் பிரிங்மன் மின்சாரத்தால்தான் கொக்கி ஒட்டினார். சினிமாவுக்கு அது போதும். அப்படி ஒட்டியது எப்போது மேசைக்கு வந்தாலும் யோகராஜா போலி என்று தள்ளிவிடுவார். அந்தத் திருப்தியிலேயே இத்தனை வருடம் இருந்தார். முதலில் அடித்ததைப் போட்ட அந்தப் பெட்டியைப் பிரிங்மன் வீட்டுக்குக் கொண்டுபோய், பழைய கொக்கிகளைத் தேடியெடுத்துப் பற்றாசு வைத்து ஒட்டியிருப்பார் என்று யோகராஜா ஒருநாளும் யோசித்ததில்லை.

இப்போது யோசித்தார். கைநூலின் படமே அந்தச் சனிக்கிழமைச் சரக்கு என்றால், கோடு எப்போது வந்தது?

நவரத்தினம் இன்னும் அதே பட்டணத்தில்தான் இருக்கிறார். போன் மணி அடித்த உடனே எடுத்தார். யோகராஜா முகமன் சொல்லாமல், அந்த விஜயதசமித் தேசிக்காய் நினைவிருக்கிறதா என்று கேட்டார்.

“ஏன், லண்டனிலை விலை கூடிப்போச்சே?”

“பகிடி விடாதை மச்சான். முதல்நாள் வெள்ளிக்கிழமை பிரிங்மன் அச்சைப் பூட்டிப்போட்டு ஈயத் துண்டிலை ஒண்டு அடிச்சுப் பாத்தவன். குப்பைக்குள்ளை போட்டான். அடுத்தநாள் விடிய அவன் காட்டேக்கை நீ எடுத்தனி.”

“ஓம், எடுத்தன். முப்பத்தஞ்சு வருசமாத் தூண்டில்லை கட்டிக்கொண்டு திரியிறன். நல்ல பாரம். நாசியளின்ரை கழுகு எனக்கு மீன் பிடிச்சுத் தருது.”

“அதிலை இடது காலுக்குக் கீழை கோடு இருக்கோ எண்டு பார்.”

மீன்பிடிப் பெட்டியைத் திறக்கிற சத்தம். கண்ணாடி எங்கே என்று மனைவியிடம் கேட்கிற சத்தம். பிறகு நவரத்தினம், கோடும் இல்லை, கீறும் இல்லை, ஏன், சொத்து எழுதி வைக்கப் போறியே என்றார். இரண்டு நிமிடத்தில் படமும் வந்தது. மூலையில் துளை போட்டு நூல் கோத்திருந்தது. இலை வளையம் தேய்ந்துவிட்டது. கழுகின் காலும் அதைச் சுற்றிய இடமும் கூர்மையாக இருந்தன. துப்புரவாக இருந்தன.

யோகராஜா விசயத்தைச் சொன்னார். மீன்பிடிப் பெட்டியை மூடுகிற சத்தம் கேட்டது.

“அப்ப அது நாங்கள் தேசிக்காயாலை வெடிக்க வைச்சதோ?”

“ஓம்.”

“அப்ப கோடு இல்லாதது?”

“அதுதான் அசல். என்ரை வாழ்க்கையிலை ஒண்டே ஒண்டுதான் கண்டனான். போலி எண்டு எழுதிக் குடுத்தனான்.”

போனை வைத்த பிறகு, குறிப்புப் புத்தகத்தில் டெரிக்கின் பக்கத்தை எடுத்துப் பார்த்தார். நாலு படமும் இருந்தன. நிறை சரி, பற்றாசு சரி, துரு சரி என்று அவரே எழுதியிருந்தார். கண் எல்லாவற்றையும் ஒழுங்காகப் பார்த்திருக்கிறது. அச்சை நான் தொட்டவன் என்கிற எண்ணம்தான் பார்க்கவில்லை.

மூன்று நாள் ஒன்றும் செய்யவில்லை. ஏலக் கொம்பனிக்குக் கையெழுத்து வைத்து அனுப்பிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மஞ்சள் பொட்டை வேறு எவனும் அடையாளம் காணமாட்டான். சொன்னால் தான் அனுமதியில்லாமல் வேலை செய்த கதையையும் சொல்ல வேண்டும். அந்தப் பயம் அர்த்தமில்லாதது என்று அவருக்கே தெரியும். ஜேர்மன் பாஸ்போர்ட் கிடைத்து இருபத்தாறு வருடம் ஆகிறது. ஆனாலும் அகதி விடுதிக் கட்டிலில் படுத்திருந்து பழகிய பயம், பாஸ்போர்ட்டைக் கண்டு போகிற வகை இல்லை. இத்தனை வருடத்தில் ஒரு தரம், ஒரே ஒரு தரம், அந்தச் சனிக்கிழமைகளைப் பற்றி யாரிடமாவது வாய் திறந்திருந்தால், கோட்டைப் பற்றி யாரோ ஒருவன் ஒரு கேள்வி கேட்டிருப்பான்.

இதையெல்லாம் விடத் திரும்பத் திரும்ப வந்தது கடிதம் இல்லை. கடிதத்துக்கு மேலாக அவர் சொன்ன அந்த வசனம். சாவி வெட்டும்போது, மெசின் சத்தத்துக்குள் அது கேட்டது. உங்கள் அப்பா மட்டும் இல்லை. ஒரு வீட்டுச் சாவியை இரண்டு தரம் பிழையாக வெட்டினார்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேசையில் நகுலேஸ்வரியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து முழுதாகக் கேட்டார்.

“அந்தாளிட்டைப் போய்ச் சொன்னீங்களே?”

“இன்னும் இல்லை.”

“அப்ப எனக்கேன் சொல்லுறீங்கள்? நான் என்ன பாதரே, பாவமன்னிப்புத் தர?” என்றார். எழும்பிப் போகும்போது, “நாளைக்குக் கடையை நான் பாக்கிறன். சப்பாத்துத் தைக்க எனக்கு ஏலாது, சாவி வெட்டுவன்,” என்றார்.

சனிக்கிழமை காலை கிறோய்டன் வரைக்கும் பஸ்ஸில் போய், அங்கிருந்து ட்ராம் பிடித்து, டெரிக் இருக்கிற மிட்சம் என்ற புறநகரில் இறங்கினார். டெரிக் கதவைத் திறந்தார். வந்திருப்பது யார் என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. உள்ளே வரச் சொன்னார். தொலைக்காட்சியில் காற்பந்து ஓடியது. சத்தத்தை மட்டும் நிறுத்தினார்.

யோகராஜா நின்றுகொண்டே சொன்னார். சனிக்கிழமை, பின்கதவு, தேசிக்காய், ஈயத் துண்டு. நவரத்தினம் அனுப்பிய படத்தையும் தன் குறிப்புப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். உங்கள் அப்பா சொன்னது உண்மை என்று முடித்தார். அந்த வசனத்தை ட்ராமில் பல தரம் சொல்லிப் பார்த்திருந்தார். அறைக்குள் அது மிகவும் சின்னதாகக் கேட்டது.

டெரிக் படத்தை வெகுநேரம் பார்த்தார். பக்கிள் இப்போது தன்னிடம் இல்லை என்றார். போலியை ஏன் வைத்திருக்க வேண்டும் என்று, கடிதம் கிடைத்த அந்த வருடம் ஏப்ரலில், பழைய கரண்டிகள் இருந்த பெட்டியோடு பெரிய தெருவிலுள்ள தருமக் கடையில் கொடுத்துவிட்டார்.

தேடிப் பார்க்கலாம் என்றார் யோகராஜா. டெரிக் படத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவர் வேறு எதையோ சொல்ல வருகிறார் என்று தெரிந்தது.

“அம்மா அப்போது உயிரோடு இருந்தார். தொண்ணூற்றாறு வயது. பராமரிப்பு இல்லத்தில். நான்தான் அவரிடம் போய்ச் சொன்னேன், அப்பாவின் கதை பொய்யாம் என்று. வேடிக்கையாகச் சொல்வது போலத்தான் சொன்னேன்.”

யோகராஜா குறிப்புப் புத்தகத்தை மூடினார்.

“அம்மா சிரிப்பார் என்று நினைத்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘என்னிடம் அவர் வேறு விசயங்களும் சொல்லியிருக்கிறார்’ என்றார். அவ்வளவுதான். அந்த வருடம் நவம்பரில் செத்துப்போனார். அதுவரைக்கும் அப்பாவின் பெயரை எடுக்கவில்லை.”

தொலைக்காட்சியில் யாரோ கோல் அடித்து ஓடினார்கள். யோகராஜா மன்னிப்புக் கேட்டார். டெரிக், இப்போது சொன்னதை எழுத்தில் தர முடியுமா என்று கேட்டார். முதல் கடிதம் மாதிரியே, அதே கடைப் பெயர் போட்ட தாளில். யோகராஜா அதே தாளைக் கொண்டுவந்திருந்தார். சமையலறை மேசையில் இருந்து எழுதினார். எழுதும்போது ஒரு இடத்தில் பேனை நின்றது. 2023இல் கடிதத்துக்கு வெளியே வாயால் சொன்னதையும் திரும்பப் பெறுவதாக ஒரு வரி சேர்த்தார். டெரிக் வாசித்து, நாலாக மடித்துச் சேட்டுப் பையில் வைத்தார். தேத்தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்கவில்லை. கதவு வரைக்கும் வந்தார்.

தருமக் கடையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். பழைய உலோகச் சாமான் விலைபோகாவிட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பழைய இரும்புக்காரருக்கு நிறுத்துக் கொடுத்துவிடுவோம் என்றார்கள். 2023இல் யார் எடுத்தது என்பதற்குப் பதிவு இல்லை. யோகராஜா தன் போன் இலக்கத்தையும் பக்கிளின் படத்தையும் கொடுத்துவிட்டு வந்தார். பிறகு மிட்சத்திலும் கிறோய்டனிலும் உள்ள பழம்பொருள் கடைகளுக்கும் ஒவ்வொரு பிரதி கொடுத்தார்.

திங்கட்கிழமை ஏலக் கொம்பனிக்கு எட்டுப் பக்கக் கடிதம் எழுதினார். நவரத்தினம் தூண்டில் நூலை அறுத்துவிட்டு ஈயத் துண்டைத் தபாலில் அனுப்பியிருந்தார். அது வந்து சேர்ந்ததும் அதையும் கொம்பனிக்கு அனுப்பினார். தான் சரி என்று கையெழுத்து வைத்த பதினொரு பக்கிள்களின் பட்டியல் கடைசிப் பக்கத்தில் இருந்தது.

டிசம்பர் ஏலத்தில் அந்தப் பொருள் காரணம் சொல்லாமல் நீக்கப்பட்டது. ஜனவரியில் கொம்பனியின் நிபுணர் பட்டியலிலிருந்து யோகராஜாவின் பெயர் எடுக்கப்பட்டது. டெரிக் பார்லோவுக்கு அவர் இரண்டு கடிதம் எழுதினார், பதில் வரவில்லை. டெரிக்கின் தகப்பன் கொண்டுவந்த பக்கிள் இதுவரை கிடைக்கவில்லை.